நறுக்கின காய், தோசை மாவு, காளான்: எதுக்கு எந்த கவர்? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: சார், பீன்ஸ் கேரட் நறுக்கி எங்க அபார்ட்மென்ட்ல விக்கிறேன். ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு நைலான் லேயர் வச்ச வேக்குவம் கவர் வாங்கினேன், ரெண்டாம் நாள் பிரிச்சா ஒரு மாதிரி சாராய வாடை அடிக்குது. காய்தான் சரியில்லையா?

பதில்: காய் மேல தப்பே இல்லமா. நறுக்கினப்புறமும் காய்க்கு உசுரு இருக்கு, முழுசா இருந்தப்ப விட்டத விட வேகமா மூச்சு விடும், ஆக்சிஜன இழுத்துட்டு கார்பன் டை ஆக்சைட வெளிய தள்ளும். நைலான் ஆக்சிஜன லேசுல உள்ள விடாது, இருக்கறதும் தீர்ந்து போச்சுன்னா காய் காத்தே இல்லாம நொதிக்க ஆரம்பிச்சிடும், நீங்க சொல்ற வாடை அதுதான். கவர் காஸ்ட்லியா இருந்தா நல்லதுன்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்கு! இதுக்கு கண்ணுக்கே தெரியாத பொடி ஓட்டை போட்ட பிஓபிபி, அதாவது இழுத்து செஞ்ச பாலிப்ரொப்பிலீன் கவர் கேளுங்க, இல்லன்னா மெல்லிசு எல்டிபிஇ, அதான் சாதா பாலித்தீன் கவர் போதும். நெறைய காய்க்கு உள்ள ஆக்சிஜன் 2லேந்து 5 சதவீதம் நின்னா சரியா இருக்கும். எந்த கவரா இருந்தாலும் ஃப்ரிட்ஜ்ல வைக்கலன்னா வேஸ்ட்தான், சூடு ஏற ஏற காய் மூச்சு விடற வேகமும் ஏறும்.

கேள்வி: பிஓபிபி ஏற்கனவே வாங்கிட்டேன் அண்ணா, ஹேண்ட் சீலர்ல வச்சா சுருங்குது, ஒட்டவே மாட்டேங்குது.

பதில்: வெறும் பிஓபிபி அப்படித்தான் தம்பி. இழுத்து செஞ்ச ஃபிலிம், சூடு பட்டா சுருங்கும். சூட்டுல ஒட்டற ஹீட் சீல் கிரேடு தனியா வருது, அத கேட்டு வாங்குங்க. அப்படியே ஆன்டி ஃபாக் இருக்கான்னும் கேளுங்க, இருந்தா உள்ள தண்ணி முத்து முத்தா கோர்க்காம மெல்லிசா பரவிடும், காய் பளிச்னு தெரியும்.

கேள்வி: தோசை மாவு பாக்கெட் பலூன் மாதிரி உப்புது, சில சமயம் வெடிச்சே போகுது.

பதில்: மாவு புளிக்கறப்ப கார்பன் டை ஆக்சைடு வரும், அதுக்கு ஒரு வழி வேணும்ல. காபிக்கொட்டை பாக்கெட்ல இருக்குமே ஒருவழி வால்வு, அது வச்ச பவுச் கிடைக்குது. கட்டுப்படி ஆகலன்னா பாக்கெட்ட ஃபுல்லா நிரப்பாம எடம் விடுங்க, போட்ட கையோட 4 டிகிரிக்கு கொண்டு போயிடுங்க. இன்னொன்னு, ஊத்தறப்ப வாய்ப்பக்கம் மாவு ஒட்டிடுச்சுன்னா சீல் அங்கதான் பிட்டுக்கும், புனல் வச்சு ஊத்துங்க.

கேள்வி: காளான வேக்குவம் போடலாமா?

பதில்: பச்சைக் காளானா? வேண்டவே வேண்டாம். காத்தில்லாத எடத்துல வளர்ற க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கற பாக்டீரியா விஷத்த உண்டாக்கிடும், பார்த்தாலோ மோந்தாலோ தெரியாம கூட போகலாம். ஓட்டை போட்ட ஃபிலிம்தான்.

கேள்வி: கவரோட தடிமன் 200 கேஜ்ங்கறார் கடைக்காரர், 120 மைக்ரான் இருக்கணும்னு சொல்றாங்களே?

பதில்: 100 கேஜ்னா 25 மைக்ரான், அப்ப உங்களுது 50. அந்த 120 மைக்ரான் ரூல் கேரி பேக்குக்கு, குழப்பிக்காதீங்க. பாலித்தீன் கவர்னா ஐஎஸ் 10146ங்கற இந்திய தரம் படி ஃபுட் கிரேடான்னு சர்டிஃபிகேட் கேளுங்க, மழுப்பினா வேற கடை பாருங்க.