வெள்ளாட்டுப் பால் கெஃபிர்: வாடையும் வேண்டாத சுவையும் – கேள்வி-பதில்

வீட்டு ஆட்டுப்பாலில் கெஃபிர் (பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்த ‘குருணை’ என்னும் சிறு கட்டிகளைப் பாலில் இட்டுப் புளிக்கவைக்கும் பானம்) போடுகிறேன். சில நாள் நன்றாக வருகிறது. சில நாள் கிடாவின் மொச்சை வாடை குமட்டுகிறது. குருணை கெட்டுவிட்டதா?

குருணையைச் சந்தேகிக்கும் முன் பாலைச் சோதியுங்கள். கெஃபிர் போடும் அதே பாலில் அரை டம்ளரைத் தனியே எடுத்து, குருணை சேர்க்காமல் குளிர்சாதனப் பெட்டியில் மூடிவைத்து, இரண்டு நாள் கழித்துச் சற்றே வெதுவெதுப்பாக்கி முகர்ந்து, சுவைத்துப் பாருங்கள். அதிலும் வாடை இருந்தால் கோளாறு பாலில்தான். எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அரை டம்ளரே விடை சொல்லிவிடும்.

வெள்ளாட்டுப் பாலின் கொழுப்பில் கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் ஆகிய அமிலங்கள் பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். கொழுப்போடு பிணைந்திருக்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை. பாலில் இயல்பாகவே உள்ள லைப்பேஸ் என்னும் நொதி கொழுப்பைச் சிதைத்து அவற்றை விடுவிக்கும்போதுதான் மொச்சை வாடையும், முற்றினால் சோப்பைப் போன்ற காறலும் எழுகின்றன. கறந்த பாலை நுரை பொங்க உயரத்திலிருந்து ஊற்றுவதும், குலுங்கக் குலுங்கக் கொண்டுசெல்வதும் கொழுப்புத் துளிகளின் மேலுறையைக் கிழித்து அந்த நொதிக்கு வழிவிடுகின்றன. கறந்த சூட்டோடு நெடுநேரம் விட்டுவைத்தால் சிதைவு இன்னும் விரைவுபடும். ஆகவே கறந்ததும் வடிகட்டி, பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் அமர்த்தி 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவையுங்கள். அல்லது தாமதமின்றிச் சூடாக்குங்கள். 72 டிகிரியில் 15 விநாடி இருந்தாலே லைப்பேஸின் பெரும்பகுதி செயலிழந்துவிடும். ஆனால் வாடை ஏறிய பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அது இறங்காது. கறக்கும் இடத்தில் கிடாவைக் கட்டாமல் இருப்பதும் நல்லது.

ஒரே நாளில் கள்ளைப் போன்ற நெடியும் கடும் புளிப்பும் வந்துவிடுகின்றன. என்ன செய்வது?

இங்கே பால் குற்றவாளியல்ல. வெப்பமும் குருணையின் அளவும்தான். கெஃபிருக்கு 18 முதல் 24 டிகிரி வரையிலான சூழல் ஏற்றது. அதற்கு மேலே போகப் போகப் புளிப்பும் ஈஸ்ட்டின் நெடியும் மிகுந்துவிடும். குருணை வளர்ந்துகொண்டே இருப்பதால், தொடக்கத்தில் அளந்து போட்டவர்கள்கூடச் சில வாரங்களில் இருமடங்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி குருணை போதும், மிகுந்ததை எடுத்துவிடுங்கள். கடிகாரத்தை நம்பாமல் ஜாடியைப் பாருங்கள்: சாய்க்கும்போது பால் கண்ணாடியை விட்டுக் கட்டியாக விலகினால் வடிகட்டும் நேரம் வந்துவிட்டது, அடியில் தெளிநீர் பச்சை கலந்த மஞ்சளாகப் பிரிந்து நின்றால் நேரம் கடந்துவிட்டது. ஆட்டுப்பாலின் தயிர்க்கட்டி இயல்பிலேயே மென்மையானது. பசும்பாலின் கெட்டித்தன்மைக்காகக் காத்திருந்தால் புளிப்புதான் மிஞ்சும். லேசான ஈஸ்ட் மணமும் நாவில் சுரீரென்ற குமிழியும் கெஃபிருக்கே உரியவை. அவை பிடிக்காதவர்கள் தயிரோடு நின்றுவிடலாம்.

புளிப்பு அளவாகவே இருக்கிறது. ஆனால் குடித்தபின் நாக்கின் அடியில் கசப்பு தங்குகிறது.

பாலைப் பல நாள் குளிரில் சேர்த்துவைத்துப் பிறகு கெஃபிர் போடுகிறீர்களா? குளிரிலும் பெருகும் பாக்டீரியாக்கள் சில, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. காய்ச்சும்போது பாக்டீரியா செத்தாலும் அந்த நொதிகள் சில தாக்குப்பிடித்து, புரதத்தைக் கசப்பான துண்டுகளாக வெட்டிக்கொண்டே இருக்கும். புதுப்பாலில் போட்டுப் பாருங்கள்.

கெஃபிர் உவர்க்கிறது.

மடிநோயாக இருக்கலாம். மடி அழற்சியுற்றால் பாலில் சோடியமும் குளோரைடும் ஏறும். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே கறந்து சுவையையும் திரிதிரியான கட்டிகளையும் கவனித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த ஆட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் விலக்கு நாட்கள் முடியும்வரை கெஃபிருக்கும் பயன்படுத்தக் கூடாது. அது குருணையிலுள்ள பாக்டீரியாக்களையும் அழித்துவிடும்.

சன்னலோரம் வைத்த ஜாடியில் நனைந்த அட்டையின் சுவை வருகிறதே?

வெளிச்சம் படுவதால் பாலிலுள்ள ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் தூண்டப்பட்டு, கொழுப்பும் புரதமும் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. ஜாடியை இருட்டான அலமாரிக்கு மாற்றுங்கள். செம்பும் இதே ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும் என்பதால் பாலைச் செம்புப் பாத்திரத்தில் வைக்காதீர்கள்.

பச்சைப் பாலில் போட்டால்தான் சுவை என்கிறார்களே?

எனக்கு உடன்பாடில்லை. ஆட்டுப்பாலின் வழியே புரூசெல்லா கிருமி மனிதருக்குப் பரவக்கூடும். கெஃபிரின் புளிப்பு அதை நிச்சயமாகக் கொன்றுவிடும் என்று நம்ப இடமில்லை. 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து ஆறவிட்ட பாலில் குருணைக்குப் போட்டியான பாக்டீரியாக்கள் குறைந்திருப்பதால், சுவையும் நாளுக்கு நாள் மாறாமல் சீராக வரும். ஆயினும் மேற்பரப்பில் இளஞ்சிவப்புப் புள்ளியோ பஞ்சு போன்ற பூஞ்சையோ அழுகல் நாற்றமோ கண்டால் சுவைத்துப் பார்க்க வேண்டாம். குருணையோடு சேர்த்துக் கொட்டிவிட்டு, ஜாடியைக் கொதிநீரில் கழுவி, வேறு குருணையில் தொடங்குங்கள்.