பெர்மாங்கனேட் ஊற்றியும் கிணற்றில் டி.சி.இ. திரும்பி வருவது ஏன்?

உலோக உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவும் ட்ரைகுளோரோஎத்திலீன் (சுருக்கமாக டி.சி.இ.) கரைப்பான் தொட்டி பல வருடமாக ஒழுகியிருக்கிறது. பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றில் லிட்டருக்கு 14 மில்லிகிராம். 25 கிலோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைத்து அதே கிணற்றில் ஊற்றினார்கள். அடுத்த மாத லேப் அறிக்கையில் ஒன்றுமே இல்லை, ஐந்தாம் மாதம் மறுபடி 11. இன்னொரு தடவை ஊற்றலாமா, இரும்புத் தூளுக்கு மாறலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அந்த முதல் மாத அறிக்கையை முதலில் மறந்துவிடுங்கள். மருந்து ஊற்றிய கிணற்றிலேயே மாதிரி எடுத்தால் அந்தக் குழாய்க்குள்ளும் அதை ஒட்டியும் இருக்கும் தண்ணீர்தான் தெரியும், நிலம் தெரியாது. தண்ணீர் அன்றைக்கு இளஞ்சிவப்பாக இருந்ததா என்று மாதிரி எடுத்தவரைக் கேளுங்கள். இருந்திருந்தால், அதில் பெர்மாங்கனேட் மிச்சம் இருந்திருக்கிறது, பாட்டில் லேப்புக்குப் போய்ச் சேரும் வரை உள்ளே அது டி.சி.இ.யை அழித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். அப்படிப்பட்ட மாதிரியில் எடுத்த உடனேயே அஸ்கார்பிக் அமிலம் (நம் வைட்டமின் சி தான்) போட்டு நிறத்தைப் போக்கிவிட வேண்டும்.

பெர்மாங்கனேட் மேல் தப்பில்லை. டி.சி.இ. மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்பை அது உடைக்கிறது. மிஞ்சுவது கரியமில வாயு, குளோரைடு, பழுப்பு நிற மாங்கனீஸ் டை ஆக்சைடு, கொஞ்சம் அமிலம். ஆனால் கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோஃபார்மும் அதற்கு மசியாது. அதனால் லேப்பில் டி.சி.இ. மட்டும் பார்த்தார்களா, மற்ற கரைப்பான்களையும் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரச்சினை இருக்கும் இடம் வேறு. டி.சி.இ. தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு கனம், அதனால் மிதக்காது, நீர்மட்டத்தைத் தாண்டி இறங்கி களிமண் படுகையின் மேலோ பாறை வெடிப்பிலோ போய்த் தேங்கும். தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1,100 மில்லிகிராம் வரை கரையும். அதில் நூறில் ஒரு பங்கைத் தாண்டினாலே பக்கத்தில் எங்கோ கரையாத திரவம் கிடக்கிறது என்று சந்தேகிப்பது இந்தத் துறையில் வழக்கம். உங்கள் 14 அதைத் தாண்டிவிட்டது. போதாததற்கு, வருடக்கணக்கில் களிமண்ணுக்குள் ஊறியதும் மெல்ல வெளியே வரும். உப்பில் ஊறிய மாங்காயை ஒரு தடவை அலசி நல்ல தண்ணீரில் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீரும் கரிக்கும் இல்லையா, அதேதான்.

இனி கணக்கு. பத்துக்குப் பத்து மீட்டர் இடம், மூன்று மீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம்: சுமார் 500 டன் மண், அதன் இடுக்குகளில் 90 கன மீட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் டி.சி.இ. ஒன்றேகால் கிலோ, அதை அழிக்க 3 கிலோ பெர்மாங்கனேட் போதும். அப்புறம் 25 கிலோ ஏன் பத்தவில்லை? மண்ணில் உள்ள மக்கிய பொருளும் இரும்பும் முதலில் மருந்தைத் தின்றுவிடும். கிலோ மண்ணுக்கு வெறும் 2 கிராம் தின்றாலே 1,000 கிலோ வேண்டும். ஆக, அளவைத் தீர்மானிப்பது மண்தான்.

அதனால் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே மூன்று நான்கு இடத்தில் துளையிட்டு, அரை மீட்டருக்கு ஒரு மண் மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றிலும் டி.சி.இ. எவ்வளவு என்று பாருங்கள், அதோடு அதே மண்ணைப் பெர்மாங்கனேட் கரைசலில் போட்டு 48 மணி நேரத்தில் எவ்வளவு தின்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மருந்து செலுத்தத் தனித் துளை, மாதிரி எடுக்கத் தனிக் கிணறு. ஒரு வருடமாவது தொடர்ந்து பாருங்கள். குரோமியம் முலாம் பூசும் வேலையும் அங்கே நடந்திருந்தால் குரோமியத்தையும் சோதியுங்கள், ஏனென்றால் மண்ணில் சும்மா கிடக்கும் குரோமியத்தைப் பெர்மாங்கனேட் நச்சு வடிவத்துக்கு மாற்றிவிடும். பெர்மாங்கனேட் டிரம்மை எண்ணெய்த் துணி, கிரீஸ் பக்கத்தில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

இரும்புத் துகள் நல்ல வழிதான், ஆனால் வேறு வேலைக்கு. அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் 1996இல் 46 மீட்டர் நீளம், 7 மீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் கனத்துக்கு இரும்புத் துகளால் நிலத்தடிச் சுவர் வைத்தார்கள். தண்ணீர் தானாக நகர்ந்து அதைக் கடக்கும்போது குளோரின் கழன்றுவிடும். ஓடிவரும் நீருக்கு அது காவல், தேங்கிய திரவத்தை அது தேடிப் போகாது. மூலத்தைப் பிடித்த பிறகு எல்லையில் வைக்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.005 மில்லிகிராம், உங்கள் கிணற்றில் இருப்பது அதைவிட 2,000 மடங்குக்கும் மேல். இது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள். பட்டறை போர்வெல் தண்ணீரை யாரும் குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ வேண்டாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், ஆவி அறைக்குள் பரவி மூச்சில் போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நீரோட்டம் போகும் திசையில் கிணறு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.