1.9-க்கு அடுத்து 1.10-ஆ, 2.0-ஆ?

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு தமிழ் விசைப்பலகைச் செயலியை ஓப்பன் சோர்ஸாக வெளியிடுகிறோம். இப்போது 1.9-இல் நிற்கிறது. அடுத்து 1.10 என்று போட்டால் 1.1-க்கே திரும்பிப் போனதுபோல் தெரிகிறதே, 2.0 என்று வைத்துவிடலாமா?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, ஈசூன்

பதில்: 1.10-தான். பதிப்பு எண்ணில் வருவது தசமப் புள்ளி இல்லை; தனித்தனி முழு எண்களைப் பிரிக்கும் புள்ளி. பைத்தான் நிரல்மொழியும் 3.9-க்குப் பிறகு 2021-இல் 3.10 என்றே வந்தது. அப்போது பலர் சறுக்கியது, அமைப்பு விவரங்களை எழுதிவைக்கும் யாமல் (YAML) கோப்பில். அங்கே 3.10 என்று வெறுமனே எழுதினால் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 ஆக்கிவிடும், மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

உங்கள் செயலியில் 'புதிய பதிப்பு இருக்கிறதா' என்று பார்க்கும் நிரலையும் வெளியிடும் முன் திறந்து பாருங்கள். பதிப்பு எண்களை எழுத்துச்சரமாக, அதாவது எழுத்து எழுத்தாக, ஒப்பிட்டிருந்தால் 1.10-ஐவிட 1.9 பெரிது என்று முடிவு கட்டிவிடும். யாருக்கும் அப்டேட் போகாது, பிழைச் செய்தியும் வராது. புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக்கி ஒப்பிடுங்கள்.

2.0 எப்போது? பதிப்பை மூன்று எண்களால் குறிக்கும் செமான்டிக் வெர்ஷனிங் விதிப்படி, பழையதை நம்பியிருப்பவருக்கு ஏதாவது உடைந்தால் முதல் எண் ஏறும்; உடையாமல் புது வசதி சேர்ந்தால் இரண்டாவது; திருத்தம் மட்டும் என்றால் மூன்றாவது. ஏறிய எண்ணுக்கு வலப்பக்கம் எல்லாம் சுழி. தமிழ்99 விசை அமைப்பைப் புதிதாகச் சேர்த்தால் 1.10.0. பயனர் சேமித்த சொற்பட்டியலைப் புதிய செயலி திறக்காது என்றால், மாற்றம் ஒரே வரியாக இருந்தாலும் 2.0.0. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை இதற்கு உதாரணமாகக் காட்டாதீர்கள். 2.6.39-க்கு அடுத்து 2011-இல் 3.0 வந்ததற்கு எண் நீண்டுபோனதைத் தவிரப் பெரிய காரணம் கிடையாது.

கேள்வி: உபுண்டு இயங்குதளம் மாதிரி ஆண்டு, மாதத்தையே பதிப்பு எண்ணாக வைக்கலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வைக்கலாம், வெளியீடு கால அட்டவணைப்படி நடக்கும் என்றால். 2006 ஏப்ரலில் வரவேண்டிய உபுண்டு ஜூனுக்குத் தள்ளிப்போனதால் 6.06 ஆயிற்று. எண்ணைப் பார்த்து 'எது உடையும்' என்று அறிய வழியில்லை என்பது இதன் குறை. இன்னொன்று: தேதியைத் தானாகப் போடும் சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும். மே 1 காலை 7 மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து வெளியிட்டால் அங்கே இன்னும் ஏப்ரல் 30. ஸ்கிரிப்ட்டில் நேர மண்டலத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் 'ரிலீஸ்/1.10' என்று கிளை (பிராஞ்ச்) தொடங்கினால் மறுக்கிறது. 'ரிலீஸ்' என்ற பழைய கிளை ஒன்று இருக்கிறது. அதுதான் காரணமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அதேதான். கிட் வழக்கமாக ஒவ்வொரு கிளையையும் ஒரு கோப்பாக வைக்கிறது. பெயரிலுள்ள சாய்கோடு ஃபோல்டராகிறது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் கோப்பும் ஃபோல்டரும் இருக்க முடியாதே! பழைய கிளைக்கு 'ரிலீஸ்-பழையது' என்று பெயர் மாற்றுங்கள். சர்வரிலும் பழைய பெயரை நீக்க வேண்டும். மற்றவர்கள் சர்வரிலிருந்து புதியதை எடுக்க ஃபெட்ச் செய்யும்போது, நீக்கிய கிளைகளைத் துடைக்கும் புரூன் விருப்பத்தையும் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் அதே சிக்கல் எழும்.

கிளைக்கும், வெளியீட்டைக் குறிக்கும் டேக்குக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள். இரண்டுக்கும் '1.10' என்று வைத்தால், சர்வருக்குப் புஷ் செய்யும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியாமல் கிட் நின்றுவிடும். கிளைக்கு 'ரிலீஸ்/1.10', டேக்குக்கு 'வி1.10.0' என்று பிரித்து வையுங்கள்.

கேள்வி: டேக் போட்டு வெளியிட்ட பிறகு ஒரு பிழை தெரிந்தது. டேக்கை அடுத்த கமிட்டுக்கு (பதிந்த மாற்றத்துக்கு) நகர்த்தலாமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களின் டேக்கை சாதாரண ஃபெட்ச் மாற்றாது. ஒரே பெயரில் இரண்டு 1.10.0 உலவும். பிழையைத் திருத்தி 1.10.1 வெளியிடுங்கள்.