ஆறு மாவா, ஆறு ஏக்கரா?

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணினி வேலை பார்க்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்காக 14 ஊர்களிலிருந்து எக்செல் பட்டியல் வரும். எல்லாவற்றையும் ஒன்றாக்க நானே ஒரு நிரல் எழுதினேன். போன வருஷம் நன்றாக ஓடியது. இந்த வருஷம் சிலர் கைப்பேசி எண்ணுக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள், சிலர் ‘சர்வே எண்’ணைப் ‘புல எண்’ ஆக்கிவிட்டார்கள். நிரல் ஒன்பது ஊர்ப் பட்டியலைத் திருப்பிவிட்டது. ‘வந்ததை வாங்கிக்கிட்டுப் போப்பா’ என்கிறார் மேலாளர். இணையமே அந்தக் கொள்கையில்தான் நிற்கிறது என்றும் படித்தேன். நான் கண்டிப்பாக இருந்தது தப்பா?

ச., நீடாமங்கலம்

அன்புள்ள ச.,

தப்பில்லை. ஆனால் அந்த ஒன்பதில் பெரும்பாலானவற்றை வீணாகத் திருப்பியிருக்கிறீர்கள்.

நீங்கள் படித்தது, இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-இல் இணைய நெறிமுறைகளை எழுதும்போது சொன்னது: அனுப்புவதில் கட்டுப்பாடாக இரு, வாங்குவதில் தாராளமாக இரு. மேலாளர்களுக்குப் பின்பாதி மட்டும் நினைவில் நிற்கும். வலைப்பக்கங்கள் இந்தத் தாராளத்தில்தான் வளர்ந்தன. பிழையான பக்கத்தை ஒவ்வொரு உலாவியும் தனக்குத் தோன்றியபடி ஊகித்துக் காட்டியது. 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் என்ற தகவல் வடிவம், ஒரு குறி பிசகினாலும் படிப்பதை நிறுத்து என்றது. பிறகு வலைப்பக்கம் எழுதும் மொழியின் புதிய பதிப்பான எச்டிஎம்எல்5 செய்ததுதான் எனக்குப் பிடித்தது. எந்தப் பிழையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதையே விதியாக எழுதிவைத்தார்கள்.

சர்வே எண், புல எண் விஷயத்துக்கு அதுவே போதும். இரண்டும் ஒன்று என நிரலில் ஒரு வரி. தமிழ் எழுத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில், 2005-இல் வந்த 4.1 பதிப்பில் ‘ஶ’ சேரும்வரை ஸ்ரீயை ‘ஸ’ வைத்துத்தான் எழுதினோம். இப்போது இரண்டு விதமாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒரே விதமாக எழுதிவைக்க வேண்டியதுதான்.

அதே ஸ்ரீயால் நான் பட்டதையும் சொல்கிறேன். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கட்டுரைகளை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். தனக்குத் தெரியாத குறியை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும் என்று எனக்குத் தெரியாது. ஸ்ரீவாஞ்சியம் எல்லா இடத்திலும் வாஞ்சியம் ஆகிவிட்டது. ஒரு கேள்விக்குறி விழுந்திருந்தால் முதல் பக்கத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். வாஞ்சியம் படிக்க நன்றாகத்தானே இருக்கிறது? இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தும் தப்பிவிட்டது. அந்த ஊர்க்காரர் ஒருவர் ‘எங்க ஸ்ரீயை எங்க சார் வச்சீங்க?’ என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

தெரியாததை என்ன செய்வது என்று கோப்பே சொல்லிவிட்டால் இந்த வம்பில்லை. 1996-இல் வந்த பிஎன்ஜி பட வடிவத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கெழுத்துப் பெயர் உண்டு. முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருந்து, அந்தத் துண்டு நிரலுக்குப் புரியாவிட்டால், படத்தைச் சரியாகக் காட்ட முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சின்ன எழுத்தானால் தாண்டிப் போகலாம். உங்கள் கைப்பேசிப் பத்தி சின்ன எழுத்துச் சமாசாரம். தாண்டுங்கள், ஆனால் ஒன்றாக்கிய கோப்பில் அதை அப்படியே வைத்திருங்கள். நிரல்கள் தமக்குள் தகவல் அனுப்பிக்கொள்ளும் கூகுளின் புரோட்டோபஃப் வடிவத்தில், மூன்றாம் பதிப்பில் புரியாத தகவல் புலங்களைத் தூக்கி எறிந்து பார்த்தார்கள். 2017-இல் 3.5 வந்தபோது பழையபடி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

கண்டிப்பு வேண்டிய இடம் வேறு. அங்கே உங்கள் நிரல் ஏமாளியாக இருக்கிறது என்பது என் சந்தேகம். ‘பரப்பு’ பத்தியில் 6 என்றிருக்கிறது. தலைப்பு சரி, எண்ணும் எண்தான், வாங்கிக்கொள்ளும். நம் பக்கத்தில் அது ஆறு ஏக்கரா, ஆறு மாவா? ஏறக்குறைய மூன்று மா சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். எங்கள் சித்தப்பாவிடம் கேட்டால் இன்றும் ‘அரை வேலி, பத்து மா’ என்றுதான் சொல்வார். சிட்டாவோ ஹெக்டேரில் பேசும். இரண்டு ஏக்கர்க்காரர் ஆறு ஏக்கருக்குப் பிரீமியம் கட்டிவிட்டு நின்றால் யார் பதில் சொல்வது?

சர்வே எண்ணைப் பற்றியும் ஒன்று. 12/3 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். மரபணு ஆய்வாளர்களுக்கும் இதே கதிதான். மார்ச்1 என்ற மரபணு தேதியாகிக்கொண்டே இருந்தது. அலுத்துப்போய் 2020-இல் அப்படிப்பட்ட மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். நாம் சர்வே எண்ணை மாற்ற முடியுமா?

ஆகவே, அலகு இல்லாத பரப்பு, சர்வே பத்தியில் தேதி, இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். ஊரையே திருப்பாமல் அந்த வரியை மட்டும் நிறுத்தி, ‘37-ஆம் வரி, பரப்பு ஏக்கரா மாவா?’ என்று தமிழில் கேளுங்கள். நெல் கொள்முதல் நிலையத்தில்கூட ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மெஷினில் எண்ணைக் காட்டிவிட்டுத்தானே காயவைத்து எடுத்துவரச் சொல்கிறார்கள்?

நிரல் ஏற்றுக்கொண்ட அந்த ஐந்து ஊர்ப் பட்டியலை முதலில் திறந்து பாருங்கள். சர்வே எண் பத்தியில் எத்தனை மார்ச் இருக்கிறது என்று எழுதுங்கள்.