நடிகர் படமும் அம்மாவின் கணக்கும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்குத் திருமங்கலம். உளவியல் முதுகலை படிக்கிறேன். அம்மா தெற்காவணி மூல வீதியில் ஒரு கடையில் நகைச்சீட்டு சேர்ந்திருக்கிறார். பதினொரு மாதம் கட்டினால் பன்னிரண்டாவது தவணையைக் கடையே போடுமாம். செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து எக்செல்லில் கணக்குப் போட்டு, ஒரு பக்கம் நிறையக் காரணங்கள் எழுதிக் காட்டினேன். அம்மா கேட்கவில்லை. கடை வாசலில் நிற்கும் நடிகர் கட்அவுட்தான் அவரைச் சேர்த்துவிட்டது. வாதத்தை எடைபோட்டு மனம் மாறுவது மைய வழி, சொல்பவரின் முகத்தையோ பேரையோ பார்த்துத் தலையாட்டுவது ஓர வழி என்று உளவியலாளர்கள் பெட்டியும் கசியோப்போவும் கோட்பாடு சொல்கிறார்கள். இந்த இரண்டில் நம் மக்கள், அதிலும் படிக்காதவர்கள், ஓர வழி ஆட்கள்தானா? மதுரையில் போஸ்டரும் பட்டிமன்றமும் இப்படி எடுபடுவது அதனால்தானா? அம்மாவை எப்படி மாற்றுவது?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த நேரம், பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருவர், "சனங்களுக்கு யோசிக்கத் தெரியாது சார், கட்அவுட் வச்சாப் போதும்" என்று பேசிக்கொண்டார்கள். அதே பேச்சு உளவியல் படிக்கும் பிள்ளையிடமிருந்து, அதுவும் பெற்ற தாயைப் பற்றி வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பட்டிமன்றத்தை விட்டுவிடுங்கள். நடுவர் தீர்ப்பைக் கேட்டு மனம் மாறவேண்டும் என்று யாரும் அங்கே போவதில்லை. பேச்சை ரசிக்கப் போகிறார்கள். போஸ்டரைப் பற்றியும் இப்போது வேண்டாம்.

"ஓர வழி ஆட்கள்" என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். அப்படி ஒரு சாதி மனிதர்கள் அந்தக் கோட்பாட்டில் எங்கே இருக்கிறார்கள்? பெட்டி, கசியோப்போ, கோல்ட்மன் மூவரும் 1981-ல் வெளியிட்ட ஆய்வை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். பட்டம் வாங்கும் முன் மாணவர்கள் எல்லோரும் தங்கள் பாடத்தில் ஒரு பொதுத்தேர்வு எழுதித் தேறவேண்டும் என்று ஒரு பேச்சு. சிலருக்கு வலுவான வாதங்கள், சிலருக்குச் சொத்தை வாதங்கள். சிலரிடம் இது பெரிய உயர்கல்விக் குழுவின் அறிக்கை என்றார்கள், சிலரிடம் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் தயாரித்தது என்றார்கள். ஒரு பாதிப் பேரிடம் இந்தத் தேர்வு அடுத்த வருடமே வருகிறது என்றும், மறுபாதியிடம் பத்து வருடம் கழித்துத்தான் என்றும் சொன்னார்கள். அடுத்த வருடம் தன் தலையில் விழும் என்று கேட்டவர்கள் வாதத்தை எடை போட்டார்கள். சொத்தை வாதம் அவர்களிடம் செல்லவில்லை. பத்து வருடம் கழித்துத்தானே என்று கேட்டவர்கள், சொன்னது யார் என்பதைப் பார்த்தே தலையாட்டினார்கள்.

இரு தரப்பும் ஒரே பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். யார் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்தது குலுக்கல். இந்தப் பக்கம் விழுந்தவன் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவனும் அப்படித்தான் நடந்திருப்பான். யோசிப்பதில் உள்ள விருப்பம் ஆளுக்கு ஆள் கூடும், குறையும். அதை அளக்கக் கசியோப்போவும் பெட்டியுமே 1982-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு ஊரையே இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூறில் அம்மாவை நிறுத்தமுடியாது. தன்னைத் தொடும் விஷயமா, யோசிக்க இடமும் தெம்பும் இருக்கிறதா என்ற இரண்டையும்தான் அந்தக் கோட்பாடு முதலில் கேட்கிறது.

உங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குச் சின்ன வயதில் என் தாய்மாமனோடு போயிருக்கிறேன். மாமா கையெழுத்து மட்டும் போடுவார். தரகர் ஆட்டைப் பற்றி அளந்துகொண்டே இருப்பார், மாமா காதில் வாங்கமாட்டார். வாயைப் பிளந்து பல் பார்ப்பார். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் விரலை விட்டு அமுக்கிச் சதை பார்ப்பார். முன்னங்காலுக்குப் பின்னால் கையைக் கொடுத்து ஆட்டைத் தூக்கி, எடையை மனதுக்குள் சொல்லிக்கொள்வார். "மாப்ள, வயித்தப் பாத்து ஏமாறாத. காலையிலயே தண்ணிய வயிறு முட்டக் காட்டிக் கொண்டாந்திருப்பான்" என்பார். எவ்வளவு பெரிய மனிதர் சிபாரிசு செய்தாலும் அந்த விரல்கள் தம் வேலையைச் செய்துவிட்டுத்தான் ஓயும்.

அதே மாமா மதுரை பஸ் நிலையத்தில், மைக் கட்டிக்கொண்டு மூட்டுவலித் தைலம் விற்றவனிடம் ஒரு பாட்டில் வாங்கினார். சொற்பக் காசு, முழங்காலில் வலி, ஊருக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது, காதைப் பிளக்கும் சத்தம். மறுத்து ஒரு கேள்வி கேட்க அங்கே எவனுக்கு நேரம் கிடைக்கும்? பெட்டி, வெல்ஸ், பிராக் மூவரும் 1976-ல் பார்த்தது இதைத்தான். பேச்சைக் கேட்கும்போதே திரையில் மின்னி மறையும் குறிகளையும் எண்ணச் சொல்லி மாணவர்களின் கவனத்தைச் சிதறடித்தார்கள். மறுத்து யோசிக்க ஆளில்லாததால் சொத்தை வாதம் பிழைத்துக்கொண்டது. நல்ல வாதம், அதன் நன்மையை யோசித்துப் பார்க்க ஆளில்லாமல், நஷ்டப்பட்டது. சந்தையில் இருந்த மாமாவும் பஸ் நிலையத்தில் நின்ற மாமாவும் ஒரே ஆள்தான், க.!

இனி அந்த நடிகர். 1983-ல் பெட்டி, கசியோப்போ, ஷூமன் மூவரும் எட்ஜ் என்று பேர் வைத்த ஷேவிங் ரேசருக்கு விளம்பரங்கள் தயாரித்தார்கள். சிலவற்றில் பிரபல விளையாட்டு வீரர்கள், சிலவற்றில் சாதாரண ஆட்கள். சொத்தை வாதங்களில் ஒன்று, ரேசர் தண்ணீரில் மிதக்கும் என்பது. கடைசியில் ஒரு ரேசரைத் தாங்களே தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்களிடம் வாதத்தின் தரம்தான் பேசியது. அந்த அக்கறை இல்லாதவர்களிடம் பிரபலத்தின் முகம் பேசியது. உங்கள் அம்மா மாதாமாதம் சொந்தக் காசைக் கட்டுகிறார். அக்கறை இல்லாதவர் கணக்கில் அவரை எப்படிச் சேர்த்தீர்கள்?

நடிகர் படம் எப்போதும் ஓர வழிக் குறிப்பாகவே வேலை செய்யும் என்று பெட்டியும் சொல்லவில்லை. அதே படம் ஒரு வாதமாகவும் நிற்கலாம். இத்தனை பெரிய நடிகருக்குச் சம்பளம் கொடுக்கிற கடை நாளைக்கே ஓடிவிடாது என்று அம்மா நினைத்திருந்தால், அதுவும் யோசனைதான். தப்பான யோசனையாக இருக்கலாம். நட்சத்திர விளம்பரம் செய்த நகைக்கடைகளே பூட்டிக்கொண்டு போனதையும், கட்டினவர்கள் ரசீதோடு போலீஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்றதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஆழ்ந்து யோசித்தாலும் தவறலாம் என்பதை உங்கள் பாடப்புத்தகம் ஏற்றுக்கொள்கிறது. நீங்கள்தான் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏன் சேர்ந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டீர்களா? கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், அப்படிக் கேட்டதாக ஒரு வரி இல்லை. நம் பக்கத்தில் கையில் ரொக்கம் வைத்திருக்கும் பெண்ணின் நிலைமை உங்களுக்குத் தெரியாதா? பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு மொய், கொழுந்தனாருக்குக் கைமாற்று, உங்கள் செமஸ்டர் கட்டணம் என்று ஒவ்வொன்றாய் வந்து அள்ளிக்கொண்டு போகும். எடுக்க முடியாத இடத்தில் காசைப் போட்டுவைப்பதற்குத்தான் பல பெண்கள் சீட்டுக் கட்டுகிறார்கள். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அந்தச் சேதாரம். உங்கள் எக்செல்லில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. கட்அவுட்டைப் பார்த்தீர்கள், அம்மாவுக்குப் படிப்பில்லை என்பதைப் பார்த்தீர்கள், தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நீங்கள் வந்தது எந்த வழி?

திட்டிவிட்டேன். அம்மாவின் பணத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கிற பதற்றம் நல்ல பதற்றம், அதை விட்டுவிடாதீர்கள். ஒருவரைச் சம்மதிக்க வைப்பது நாம் சொன்னதைவிட, அதைக் கேட்டு அவர் தனக்குள் சொல்லிக்கொள்வதுதான் என்று உளவியலாளர் ஆன்டனி கிரீன்வால்ட் 1968-லேயே எழுதினார். அதனால் அடுத்த தவணைக்கு அம்மாவோடு நீங்களும் கடைக்குப் போங்கள். கட்டுகிற பணம் அன்றன்றைய விலைக்குக் கிராமாக ஏறுகிறதா, பணமாகவே நிற்கிறதா, ஒரு தவணை தவறினால் என்ன, பாதியில் நிறுத்தினால் கையில் என்ன வரும் என்பதை அம்மாவே கல்லாவில் இருப்பவரிடம் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அந்த ஒரு பக்கக் காரணங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அக்கறையோடு கேட்பவரிடம் சொத்தைக் காரணங்களை அடுக்க அடுக்க அவருடைய மறுப்புத்தான் கூடும். 1984-ல் பெட்டியும் கசியோப்போவும் சோதித்துப் பார்த்தபோது ஒன்பது சொத்தை வாதங்கள் மூன்றைவிட மோசமாகத் தோற்றன. பணம் கிராமாக ஏறவில்லை என்று தெரிந்தால், தங்கம் விலை ஏறுகிற காலத்தில் அது ஒன்றே போதுமான காரணம். அதை மட்டும் சொல்லுங்கள்.