‘டிஜிட்டல் நூலகர்’ சான்றிதழ் படிப்பில் சேரலாமா?

கேள்வி: கல்லூரி நூலகம் ஒன்றில் ஒற்றை ஆளாக வேலை பார்க்கிறேன். வயது 44. நூலக அறிவியலில் முதுகலை முடித்து 20 ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்கு நூலக மென்பொருள் விற்ற நிறுவனம், “எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கித் தருகிறோம்” என்று நிர்வாகத்திடம் பேசியிருக்கிறது. கூடவே எனக்கு ஆறு மாத ‘டிஜிட்டல் நூலகர்’ சான்றிதழ் படிப்பும் நடத்துவார்களாம். பாடத்தில் பைத்தான் நிரல்மொழி, செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் எல்லாம் இருக்கின்றன. கட்டணம் என்னுடைய இரண்டு மாதச் சம்பளம், நான்தான் கட்ட வேண்டும். சேராவிட்டால் பின்தங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாமல் இனி இந்த வேலையில் இருக்க முடியாதா?

பதில்: சேர வேண்டாம் அம்மா. பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நிரல் எழுதத் தெரியாமல் இந்த வேலையில் தாராளமாக இருக்கலாம். ஆனால் உங்கள் நூலகத்தின் பதிவுகளை நீங்களே வெளியே எடுக்கவும், திறந்து பார்க்கவும், திருத்தித் திரும்ப உள்ளே ஏற்றவும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியது, மென்பொருள் விற்றவரே பயிற்சியும் தருகிறார் என்பதுதான். அந்தப் பாடத்திட்டத்தில், அவரை விட்டு விலகுவது எப்படி என்ற பாடம் இருக்கவே இருக்காது. உங்களுக்கு முதலில் வேண்டிய பாடமோ அதுதான்.

மார்க் 21 என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ராம் என்ற நிரலாளர் முன்னின்று உருவாக்கிய மார்க் முறையின் இன்றைய வடிவம் அது. ஒரு புத்தகத்தைப் பற்றிய விவரங்களை எண் போட்ட அறைகளில் பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான். 020 என்றால் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண், 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள். இந்த அறைகள் சரியாக இருந்தால், மார்க்கை ஏற்கும் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். நூலக அறிவியல் தேர்வில் மார்க் என்பதன் விரிவாக்கத்தைக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். மாணவருக்கு ஒரு மார்க் கோப்பைத் திறந்து காட்டுவதில்லை. இரண்டு ஆண்டு படித்துவிட்டு வருபவரிடம் “உங்கள் பதிவுகளை ஏற்றுமதி செய்து கொடுங்கள்” என்றால் கம்பெனிக்காரருக்குப் போன் போடுகிறார். பிழை அவருடையது இல்லை, அப்படித்தான் பாடம் நடத்துகிறோம்.

இதில் என்ன நடக்கும் என்று நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மென்பொருள் மாற்ற முடிவு செய்த ஒரு நூலகத்துக்கு உதவிக்குப் போயிருந்தேன். பழைய நிறுவனத்திடம் முழுத் தரவையும் கேட்டோம். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு ஒரு பி.டி.எஃப். அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள், பார்க்க அழகாக இருந்தன, பயன்படுத்த முடியாது. மறுபடி சண்டை போட்டதும் மார்க் கோப்பு வந்தது. திறந்து பார்த்தால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாமே 245ஆம் அறைக்குள் ஒரே வரியாகக் கிடந்தன. 100ஆம் அறை காலி. அதைப் பிரித்து அடுக்கவே மாதங்கள் ஆயின. அந்த நூலகர் 15 ஆண்டு ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்துப் பார்த்துப் பதிந்த உழைப்பு அது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்ததால், உள்ளே எப்படிக் கிடக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டும். மார்க்எடிட் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. உங்கள் மென்பொருளில் ஏற்றுமதி என்ற வசதியைத் தேடி, பத்தே பத்துப் பதிவுகளை மார்க் கோப்பாக எடுங்கள். மார்க்எடிட்டில் போட்டு ‘பிரேக்’ கொடுத்தால், படிக்கக்கூடிய வரிகளாக வந்து நிற்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அறை எண் இருக்கும். நன்றாகத் தெரிந்த ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவின் உச்சியில் லீடர் என்று 24 இடங்கள் கொண்ட ஒரு வரி இருக்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 9ஆவது இடத்தில் சிறிய ஆங்கில ‘ஏ’ இருக்க வேண்டும். இருந்தால் பதிவு யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொது முறை, என்று பொருள். அந்த இடம் காலியாக இருந்தால், புதிய மென்பொருள் உங்கள் தமிழை வேறு ஏதோ என்று நினைத்துக் கேள்விக்குறிகளாக மாற்றிவிடக்கூடும். ஒரே ஓர் எழுத்துதான். இதை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம், ஆறு மாதம் தேவையில்லை.

ஏற்றுமதி வசதியே இல்லை, அல்லது அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்களா? அப்படியென்றால் உங்கள் புத்தகப் பட்டியலை அவர் பணயமாக வைத்திருக்கிறார். நிர்வாகத்திடம் இதே சொல்லில் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நூலகத் தேடல் பக்கத்தைத் திறந்து மேலே முகவரிப் பட்டையில் ‘கோஹா’ என்ற ஆங்கில எழுத்துகள் வருகின்றனவா? வந்தால், அவர் ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று சொன்னாலும் அது கோஹா என்ற இலவச நூலக மென்பொருள்தான். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகங்களில் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும், 1999இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், உரிமக் கட்டணம் கிடையாது. நிறுவித் தருவதற்கும் பராமரிப்பதற்கும் பணம் வாங்குவது நியாயமான கூலி, அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். லோகோவை மாற்றி ஒட்டிவிட்டு ஆண்டுதோறும் ‘லைசன்ஸ்’ என்று பில் போடுவதும், நிர்வாகக் கடவுச்சொல்லை நூலகரிடம் கொடுக்காமல் வைத்திருப்பதும் எனக்குப் பொறுக்காத விஷயங்கள்.

கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா? “அதெல்லாம் டெக்னிக்கல், உங்களுக்குப் புரியாது” என்று சொல்லியிருந்தால் விடாதீர்கள். காப்புப்படி எங்கே போகிறது என்றும் கேளுங்கள். கோஹாவை வழக்கமான முறையில் நிறுவினால் தினமும் தானாகவே ஒரு காப்புப்படி எடுத்துக்கொள்ளும். ஆனால் அது அதே கணினியில் ஒரு மூலையில்தான் போய் உட்காரும். வட்டு கெட்டால் மூலமும் போகும், படியும் போகும். “பேக்கப் ஓடுகிறது சார்” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்குப் பாதுகாப்பும் இல்லை. வாரம் ஒரு முறையாவது படியை வெளி வட்டில் எடுத்து, நூலகத்துக்கு வெளியே வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வேறு ஒரு கணினியில் அதை மீட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டுப் பார்க்காத காப்புப்படியை நம்பக் கூடாது.

கணினி முடங்கிப்போவது பெரிய இடங்களுக்கே நேர்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தை, கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் பிணைப்பணக் கும்பல் தாக்கியது. முதன்மைப் பட்டியல் மீண்டும் இணையத்தில் வர 2024 ஜனவரி பாதி ஆகிவிட்டது, அதுவும் பார்க்க மட்டும் முடிகிற வடிவில். அந்த நூலகமே பிறகு தன் அறிக்கையை வெளிப்படையாக வெளியிட்டது. வெளி நிறுவனத்தினரும் தொலைவிலிருந்து உள்ளே வருவதற்காக வைத்திருந்த சர்வர் வழியாகத்தான் நுழைந்திருக்கக்கூடும் என்றும், அங்கே கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். உங்கள் நூலகக் கணினியில் கம்பெனிக்காரர் எந்த நேரமும் உள்ளே வர ஒரு வழி திறந்தே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அவர் வரும்போது நீங்கள் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடினால் போதும்.

சரி, நிரலாக்கம். வேண்டாம் என்றேன். ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப் புத்தகங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணினியில் ஏற்றிய நூலகங்கள் பலவும் இதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பட்டியலிலிருந்து ஒரு தமிழ்த் தலைப்பை நகலெடுத்து உலாவியின் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால், அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. உலகில் யார் தேடினாலும் அந்தப் புத்தகம் அகப்படாது.

இதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மொத்தக் கோப்பையும் அதில் கொட்டிவிடாதீர்கள். அதே கோப்பில் உள்ள ஆங்கிலத் தலைப்புகளும், அறைகளுக்குள் பகுதிகளைப் பிரித்துக் காட்டும் ஆங்கில உட்குறி எழுத்துகளும் தமிழ் என்று நினைக்கப்பட்டுச் சிதைந்துபோகும். தமிழ் இருக்கும் பதிவுகளை மட்டும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அப்புறம், பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பார்கள்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. இதை நல்ல மாற்றி சமாளித்துவிடும். ஔகாரத்தில்தான் சறுக்கும். பழைய எழுத்துருவில் ‘கௌரி’யில் வரும் சிறகும் ‘ள’ என்ற எழுத்தும் ஒரே விசை. மாற்றியபின் அது க, கொம்பு, ள என்று மூன்றாகப் பிரிந்து ‘கெளரி’ ஆகிவிடலாம். திரையில் வித்தியாசம் எளிதில் தெரியாது. வாசகர் ‘கௌரி’ என்று சரியாக அடித்துத் தேடினால் ஒன்றும் வராது. ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். அதை எழுத உரிய ஶ என்ற எழுத்து 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முன்பு எல்லாரும் ஸ் வைத்து எழுதினார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே வடிவம்தான், உள்ளே வேறு வேறு எண்கள். பாதிப் புத்தகங்கள் ஒரு தேடலிலும் மீதி இன்னொரு தேடலிலும் வரும்.

இந்த வேலைக்குச் சில வரி பைத்தான் உண்மையிலேயே உதவும். ஆனாலும் அதை நீங்களே எழுத வேண்டும் என்பதில்லை. கணினித் துறை மாணவர் ஒருவர் ஒரு நாளில் எழுதித் தருவார். எது எதுவாக மாற வேண்டும் என்ற விதிகளைச் சொல்லவும், மாறியது சரிதானா என்று பார்க்கவும் உங்களால்தான் முடியும், ஏனென்றால் புத்தகம் உங்களுக்குத் தெரியும். 50 பதிவுகளில் முதலில் ஓட்டிப் பாருங்கள், மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். மிச்சக் குளறுபடிகளுக்கு ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவி போதும். ஒரே ஆசிரியர் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தால் அவற்றைக் கூட்டமாகத் திரட்டிக் காட்டும், எது சரி என்று நீங்கள் தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும்.

பிளாக்செயினை மறந்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவில் உங்களுக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான்: மாணவர் கொண்டுவரும் மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது. அந்த இயந்திரங்கள் இல்லாத கட்டுரைகளை இருப்பது போலவே எழுதித் தரும். டி.ஓ.ஐ. எனப்படும் கட்டுரை அடையாள எண்ணை அதற்குரிய தளத்தில் இட்டு, அதே கட்டுரைதான் திறக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

கற்பதற்கான பாடங்கள் விலையில்லாமலே இருக்கின்றன. காங்கிரஸ் நூலகம் மார்க் பற்றி எளிய ஆங்கிலத்தில் ஓர் அறிமுக நூலை இணையத்தில் வைத்திருக்கிறது. லைப்ரரி கார்ப்பென்ட்ரி என்ற குழுவின் பாடங்கள் நூலகர்களுக்காகவே எழுதப்பட்டவை, ஓப்பன்ரிஃபைன் அதில் இருக்கிறது. கோஹாவின் கையேடும் இலவசம். உங்களுக்கு இல்லாதது நேரம்தான். தரவுத்தளச் சந்தா என்று வந்தால் யோசிக்காமல் கையெழுத்துப் போடும் நிர்வாகங்கள், நூலகரின் பயிற்சிக்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை. கற்றுக்கொள்வதைச் சொந்தக் காசில், சொந்த ஞாயிற்றுக்கிழமையில் செய்யச் சொல்கிறார்கள். எத்தனை சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் ஆண்டுக் கடைசியில் எண்ணுகிறார்கள். இதனால்தான் சான்றிதழ் விற்பவர்களுக்குக் கூட்டம் சேர்கிறது. வாரத்தில் அரை நாள் கவுன்டரை மூட அனுமதி கேட்டு எழுதுங்கள். ‘தரவுப் பராமரிப்பு’ என்று காரணம் போடுங்கள், அது முழு உண்மை.

நிர்வாகம் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும். கேட்ட நேரத்தில் முழுப் பதிவுகளும் யூனிகோடு மார்க் கோப்பாக, கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லின் ஒரு பிரதி உறையிலிட்டு முதல்வரிடம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை காப்புப்படியை உங்கள் முன்னால் மீட்டுக் காட்ட வேண்டும். வாய்வார்த்தையாக “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே மாதிரியாக 100 பதிவுகளை அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் மார்க்எடிட்டில் திறந்து, 245இல் தலைப்பும் 100இல் ஆசிரியரும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.