சீனிவாசன் நியமனம்: 2012-ஆ, 2013-ஆ?

அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி. வட்டார மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஸ்ரீ சீனிவாசன் பற்றிய கட்டுரையில் நியமனத்துக்கு எந்தத் தேதியைப் போடுவது, டிரம்ப்தான் அவரை அங்கே தலைமை நீதிபதி ஆக்கினாரா என்று கேட்டிருந்தீர்கள்.

நியமன ஆண்டு 2013. ஒபாமா முதலில் பெயரை அனுப்பியது 2012 ஜூன் மாதம். அது நிராகரிக்கப்படவில்லை. செனட் விதி 31-ன்படி, கூட்டத்தொடர் முடியும்போது முடிவாகாத பரிந்துரைகள் அதிபருக்கே திரும்பிவிடும். 2013 ஜனவரியில் மறுபடி அனுப்பினார். ஏப்ரல் 10 அன்று செனட்டின் நீதிக் குழு விசாரணை, மே 23 அன்று முழு செனட்டில் 97-0 வாக்குகளில் ஒப்புதல். செனட் ஒப்புதலோடு ஆள் நீதிபதி ஆகிவிடுவதில்லை. அதிபர் கையெழுத்திட்ட ஆணை வரவேண்டும், பிறகு பதவிப் பிரமாணம். ஆணை மே 24. பணிமூப்பு அந்த ஆணைத் தேதியிலிருந்துதான் கணக்கு. செப்டம்பரில் நடந்தது சம்பிரதாயப் பதவியேற்பு விழா. அதை நியமனத் தேதியாகப் போட்டுவிடாதீர்கள்.

அப்போது இத்தகைய பரிந்துரைகளை வழக்கமாக இழுத்தடித்தது, சொந்த மாநில செனட்டர்கள் ஒப்புதல் தெரிவித்துத் திருப்பித் தரவேண்டிய நீலச் சீட்டு. வாஷிங்டன் டி.சி.க்கு செனட்டரே கிடையாது, ஆகவே இந்த நீதிமன்றத்துக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை.

தலைமைப் பதவியில் டிரம்புக்கு வேலையே இல்லை. 65 வயதுக்குட்பட்டு, ஓராண்டாவது பணியாற்றிய முழுநேர நீதிபதிகளில் பணிமூப்பில் முதலிடத்தில் இருப்பவருக்கு அது சட்டப்படி தானாகவே போகும்; அதிகபட்சம் 7 ஆண்டுகள். 2020 பிப்ரவரியில் அப்போதைய தலைமை நீதிபதி மெரிக் கார்லண்ட் அந்தப் பதவியிலிருந்து விலகியதும் முறை இவருக்கு வந்தது. “டிரம்ப் நியமித்தார்” வரியை எடுத்துவிடுங்கள்.

பிறந்த ஊரையும் திருத்துங்கள்: சண்டிகர். திருநெல்வேலிப் பக்கம் அப்பாவின் ஊர்.